குள்ளர் வீட்டில் ஒரு ஜல்லிக்கல்

மே 4

இந்த டைரி உரக்கடையில் அப்பாவுக்கு ஓசியில் கொடுத்தது. நாலு மாதமாகக் காலியாகக் கிடந்தது. பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்து விடுதியிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகிறது. உட்கார்ந்தால் கால் பரபரக்கிறது, நின்றால் கை பரபரக்கிறது. கையை மட்டுமாவது இங்கே கட்டிப்போட முடிகிறதா என்று பார்க்கிறேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஆச்சாமரத்தூருக்கு மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. இப்போது ஊர் முழுக்க நீர்வடிப்பகுதித் திட்டம் நடக்கிறது. மழைத் தண்ணீர் ஒரே ஓட்டமாக ஓடிவிடாமல் இருக்கச் சரிவில் கல்வரப்பு, ஓடையில் தடுப்பணை, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பெரிய குட்டை. இதுவரை வடிந்தது ஊர்க்காரர்களின் வேர்வை மட்டும்தான். ஆகவே நான் வைத்த பெயர் வேர்வைவடிப்பகுதித் திட்டம்.

சூப்பர்வைசர் குணசீலன் அண்ணன் வேலூர்க்காரர். இன்று அவர் பைக் சீட்டுக்கு அடியில் ஆட்டுமணி கட்டினேன். மூன்று இடத்தில் வண்டியை நிறுத்திப் பின்னால் ஆடு வருகிறதா என்று பார்த்தார். மூன்றாவது தடவை இறங்கி நின்று, இல்லாத ஆட்டை "ஏய், போ, வீட்டுக்குப் போ" என்று விரட்டினார். நான் புளியமரத்துக்குப் பின்னால் வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டேன்.

மே 6

சரிவில் கல் பொறுக்கினோம். அப்பாதான் மேஸ்திரி. பெயர் தீர்த்தன், ஆனால் எந்த வேலையையும் தீர்த்தபாடில்லை.

இன்று டியூப் மட்டம் பார்த்தார்கள். உள்ளே இருப்பது தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு முனையிலும் நிற்கிற உயரம்தான் மட்டம். என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள். கால் மணி நேரம் ஆகியும் தண்ணீர் நிற்கவில்லை.

"இன்னா பாப்பா, டியூபுக்குள்ள மீன் வுட்டு வச்சிருக்கியா?" என்றார் குணசீலன் அண்ணன். டியூபைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

வேலை நடக்கிற இடத்துக்கு ஓடையைத் தாண்டினால் பத்து நிமிடம். அப்பா கரட்டுக் குன்று ஏறிச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடக்கிறார். கேட்டால் "காத்தாட நடந்தா ஒடம்புக்கு நல்லது" என்கிறார். அவருக்குச் சுற்றுலாத் துறை என்று பெயர் வைத்திருக்கிறேன். நானும் அவர் கூடத்தான் சுற்றுகிறேன், வழித்துணைக்கு.

மே 8

ஊருக்குத் தொல்லியல் மேடம் வந்திருக்கிறார். பெயர் ஜெசிந்தா. நாகர்கோவில் பக்கம். எல்லாரையும் 'மக்கா' என்கிறார், 'சொல்' என்பதை 'செல்' என்கிறார். ஊர்க்கவுண்டர் பெரியப்பாவையே "நீங்க செல்லுங்க மக்கா" என்றதும் அறுபத்தெட்டு வயது மக்கா மீசையைத் தடவிக்கொண்டார்.

அவர் வந்த காரணம் குள்ளர் மேடு. குட்டைக்குக் கரை போட அளந்த கோடு அந்த மேட்டின் நடுவில் போகிறது. அங்கே பலகைக் கற்களை நாலு பக்கமும் நிறுத்தி மேலே ஒரு கல் மூடிய ஏழு சின்ன வீடுகள் உண்டு. ஒவ்வொன்றின் முகப்பிலும் கை நுழைகிற வட்டத் துளை. யார் கட்டியது, எப்போது கட்டியது, ஒருவருக்கும் தெரியாது. முழங்கால் உயரக் குள்ளர்கள் என்பார்கள். நாலு சரிந்துவிட்டது, மூன்று நிற்கிறது.

நிற்பதில் பெரிய வீட்டில்தான் எங்கள் ஊர் கல் போடும். பெரியப்பா மேடத்துக்கு விளக்கிச் சொன்னார். செத்தவருக்கு முப்பதாம் நாள், மூத்த பிள்ளை விடியலில் தனியாக ஓடைக்குப் போக வேண்டும். தண்ணீரில் உருண்டு வழவழப்பான கல் ஒன்றைப் பொறுக்கித் துணியில் சுற்றி, திரும்பிப் பார்க்காமல் வந்து துளைக்குள் போட வேண்டும். ஒருத்தருக்கு ஒரு கல். எது யாருடைய கல் என்று யாரும் கேட்கக் கூடாது, போட்டவரும் சொல்லக் கூடாது.

"இது போதும்" என்றார் மேடம். "பழசுன்னு மட்டும் சென்னா அளந்த கோடு நகராது. இப்பமும் புழக்கத்துல இருக்குன்னு காட்டுனா நகரும். இருபத்தி நாலாம் தேதி பெரிய அதிகாரி வாறாரு. அதுக்குள்ள காட்டணும்."

என்னைப் பார்த்து, "நீ போட்டிருக்கியா பிள்ளே?" என்றார்.

ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல் கண்டிருந்தது. பார்க்கப் போய்விட்டேன்.

மே 10

குட்டி தேறிவிட்டது.

மேடம் என்னைப் பிடித்துக்கொண்டார். என் எழுத்து அழகாம். மஞ்சள் பெயின்ட் டப்பாவும் பிரஷும் என் பொறுப்பு. குணசீலன் அண்ணன் ஆட்கள் சிவப்பில் பெருக்கல் குறி போட்டால் அந்தக் கல்லைத் தடுப்பணைக்கு எடுத்துப் போகலாம். நாங்கள் மஞ்சளில் வட்டம் போட்டு எண் எழுதினால் தொடக் கூடாது. இரண்டு தரப்பும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. டிராக்டர் ஆட்களுக்கு அதுதான் சட்டம்.

குணசீலன் அண்ணன் தொல்லியலைத் தொல்லையியல் என்கிறார். எனக்கு முந்திக்கொண்டாரே என்று கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஆனால் ஆள் கெட்டவர் இல்லை. மதியம் மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கல்லு மேல எனக்கு இன்னா மேடம் கோவம்? ஜூன்ல மழ புடிச்சிக்கும். போன ஐப்பசில அர மணி நேரம்தான் பேஞ்சுது. ஓட மாரளவு வந்துச்சு. ரேஷன் வாங்கினு வந்த ஒரு அம்மா நடு ஓடையில..."

திரும்பியவர் என்னைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

இன்று வெயில் அதிகம்.

மே 12

நேற்று டப்பாவில் பெயின்ட் மிச்சம். கையில் பரபரப்பு மிச்சம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?

குணசீலன் அண்ணன் பைக் ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கும் கல்: மஞ்சள் வட்டம், எண் 31. டீக்கடை பெஞ்சுக்கு முட்டுக்கொடுத்த கல்: 32. குழாயடித் துவைக்கிற கல்: 33. தடுப்பணைக்குக் குவித்து வைத்த குவியலில் மேலாக இருந்த பதினொரு கல்: 34 முதல் 44.

குழாயடியில் பெண்கள் துணியோடு நின்று, துவைக்கலாமா கூடாதா என்று பெரியப்பா வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். டிராக்டர் அரை நாள் நின்றது. டீக்கடைக்காரர் பெஞ்சில் யாரையும் உட்கார விடவில்லை. "அரசாங்கக் கல்லு, அலுங்கக் கூடாது" என்றாராம்.

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

மே 13

குணசீலன் அண்ணன் சிரிக்கவில்லை. டிராக்டர் ஆட்களைக் கூப்பிட்டு, "மஞ்சள்லாம் பசங்க வெளாட்டு. கண்டுக்காத, தூக்கு" என்று சொல்லிவிட்டாராம்.

மேடம் கேட்டார். "மக்கா, இது உனக்க வேலையா?"

"என் எழுத்து அழகுன்னீங்களே. அந்த 38 எவ்ளோ கோணலா இருக்கு பாருங்க" என்றேன்.

உண்மைதான். அந்த 38 கோணல். இருட்டுகிற நேரத்தில் எழுதியது.

மே 15

டிராக்டர் ஆட்கள் குள்ளர் மேட்டில் ஏறிவிட்டார்கள். நின்றிருந்த மூன்று வீடுகளில் சின்னதன் மூடுகல்லைக் கடப்பாரையால் நெம்பியிருக்கிறார்கள். கல் கீழே விழுந்து இரண்டாகப் பிளந்துவிட்டது. அதன் மேல் மஞ்சள் வட்டம் இருந்தது. எண் 7. அது நானும் மேடமும் ஒழுங்காகப் போட்டது.

"மஞ்சளு விளையாட்டுன்னாங்க, அதான் எடுத்தோம்" என்றார் டிராக்டர்காரர். அவர் மேல் என்ன தப்பு?

மேடம் கத்தவில்லை. பிளந்த இரண்டு துண்டையும் படம் எடுத்தார். வட்டம் சரிபாதியாகப் பிளந்திருந்தது. பிறகு பெரிய வீட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மாலை வரை எழுந்திருக்கவில்லை.

ஆட்டுக்குத் தழை வெட்டினேன். பாத்திரம் துலக்கினேன். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினேன்.

மே 16

ஒன்றும் எழுத இல்லை.

மே 18

பெரிய வீட்டுக்குள் இருக்கும் கற்களை எண்ண மேடம் அனுமதி கேட்டிருந்தார். பெரியப்பா, "பாக்கலாம், தொடக் கூடாது" என்றார். துளை வழியாக டார்ச் அடித்து, குச்சியில் கட்டிய சின்னக் கேமராவை உள்ளே விட்டார்கள். படம் லேப்டாப்பில் வந்தது. ஊரே சுற்றி நின்று பார்த்தது. நான் பின்னால் நின்றேன். பின்னால் நின்றால் நன்றாகத் தெரியாது.

மொத்தம் நூற்றிருபத்தாறு கல். சாம்பல், பழுப்பு, வெள்ளை, எல்லாம் முட்டை மாதிரி வழவழப்பு. மேடம் சந்தோஷமாக எண்ணிக்கொண்டே வந்தவர் மேலே கிடந்த ஒன்றில் நின்றார்.

"இது என்னது? ஓடைக் கல்லு இல்லியே."

கூரான முனை. கருநீலம். ஒரு பக்கம் கொஞ்சம் தார்.

"ஜல்லி மேடம்" என்றார் குணசீலன் அண்ணன். "போன வருசம் ரோட்டுக்குக் கொட்டுன ஜல்லி. ஊரு முனையில இன்னும் குவிஞ்சி கெடக்குதே."

பெரியப்பா முகம் கறுத்துவிட்டது. "எங்க ஆளு ஒருத்தனும் அத போட்ருக்க மாட்டான்" என்றார். கூட்டத்தில் எல்லாரும் ஆமாம் என்றார்கள். அப்பாவும்.

நானும் ஆமாம் என்றேன்.

மே 20

ஊர்க்கூட்டம். வெளியாள் எவனோ வேலை செய்ய வந்த இடத்தில் வீம்புக்குப் போட்டுவிட்டான் என்று முடிவானது. குற்றம் தீரப் பூசை போட வேண்டும் என்றார்கள்.

மேடம் தலையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் சொன்னார்.

"பிள்ளே, குணசீலன் என்ன எழுதிக் குடுத்திருக்காரு தெரியுமா? உள்ள கெடக்குறதுல ஒண்ணு வெளையாட்டுக்குப் போட்டதுன்னு ஊரே சென்னா, மத்த நூத்தி இருபத்தஞ்சும் நான் வந்தபிறவு யாரோ அள்ளிப் போட்டதா இருக்கலாம்னு. மஞ்ச வட்டம் போடுற ஊருதானேன்னு. நான் என்னத்த செல்ல?"

"அந்தக் கல்லை எடுத்துட்டா?"

"எடுக்க மாட்டேன். இருக்கத மறைச்சுட்டு எப்படி மக்கா காப்பாத்த முடியும்?"

துடைப்பத்தை எடுத்து வீட்டைக் கூட்டினேன். நாங்கள் பேசியது எங்கள் வீட்டில் இல்லை, மேடம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில். அது நினைவு வந்தபோது பாதிப் பள்ளிக்கூடத்தைக் கூட்டி முடித்திருந்தேன்.

மே 22

அப்பாவுடன் கரட்டில் சுற்றி நடந்தபோது கேட்டேன். "குட்டை அங்கதான் வரணுமாப்பா?"

"எங்க வந்தா இன்னா. வந்துடணும். அந்த மாரி வெள்ளம் இன்னொருவாட்டி வரக் கூடாது."

"குள்ளர் வூடு போயிட்டா?"

"அதுல நீ போட்டது கீதில்ல" என்றார். "அத நெனச்சாத்தான் சோறு எறங்க மாட்டங்குது."

இதற்கு மேல் எழுத முடியவில்லை. குட்டி கத்துகிறது.

மே 23

குட்டி கத்தவில்லை. நேற்றும் கத்தவில்லை.

மே 24

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அதிகாரி பத்தரை மணிக்கு வந்தார். அவரும் தொப்பியும் குடையும் குள்ளர் மேட்டில் ஏறினார்கள். மேடம் படங்களைக் காட்டி வழக்கத்தைச் சொன்னார். குணசீலன் அண்ணன் ஜல்லியைச் சொன்னார், மஞ்சள் வட்டத்தையும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, பொய்யும் சொல்லவில்லை.

அதிகாரி பெரியப்பாவைப் பார்த்தார். "அந்தக் கல்லு உங்க ஊர்க்காரங்க போட்டதா?"

"இல்லிங்க."

"அப்போ வெளியாளு வந்து போட முடியும். மத்ததும் அப்படி இருக்கலாம் இல்ல?"

அதிகாரி பேனாவை எடுத்தார். அந்தப் பேனாவின் மூடியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூடி கழன்றதும் என் வாய் திறந்துவிட்டது.

"வட்டம் போட்டது நான்தான் சார். முப்பத்தொண்ணுலேர்ந்து நாப்பத்திநாலு வரைக்கும். அதனாலதான் ஏழாம் நம்பரு ஒடஞ்சுது. மேடத்துக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும் மக்கா" என்றார் மேடம் மெல்ல.

"ஜல்லி போட்டதும் நான்தான்."

யாரோ சிரித்தார்கள். என்னைத் தெரிந்தவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். "வெளாட்டுக்கா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார். முப்பதாம் நாளு. துணி எடுத்துகினு ஓடைக்குத்தான் போனேன். எறங்குற எடத்துல எங்கம்மா ரேஷன் பை கெடந்துச்சு. முள்ளுல மாட்டிகினு. ஒரு மாசமா யாரும் எடுக்கல. என்னால எறங்க முடியல. வெளிச்சம் வந்துகினே இருந்துச்சு. திரும்பி வந்து ரோட்டோரக் குவியல்ல ஒண்ணு எடுத்து, துணியில சுத்திப் போட்டுட்டேன். தனியாப் போவணும்ன்றதால யாரும் பாக்கல."

சிரித்தவர் நிறுத்தியிருந்தார். பெரியப்பாதான் பேசினார்.

"எது யார் கல்லுன்னு சொல்லக் கூடாதும்மா. சொல்லிட்டியே."

"சொல்லலன்னா வூடே போயிடும் பெரியப்பா. எல்லார் கல்லும் போயிடும்."

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தது.

அதிகாரி பேனாவை மூடினார். "கரையை அறுபதடி மேல தள்ளுனா என்ன ஆகும்?" என்று குணசீலன் அண்ணனைக் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு, "குட்டை சின்னதாயிடும் சார். மேல ரெண்டு தடுப்பணை சேத்துகினா சரியாப் போவும். ஆனா மட்டம் புதுசாப் பாக்கணும். ஓடைக்குள்ளயே எறங்கி, மழைக்கு முன்னாடி. ஆளு வேணும்" என்றார்.

"நான் எறங்குறேன்" என்றார் அப்பா.

மே 25

கரடு ஏறாமல் அப்பா முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாமைச் சோறு வைத்தேன். சாப்பிட்டார்.

"எறங்கவே முடியலயா புள்ள?"

"முடியலப்பா."

"எனக்குந்தான்" என்றார். "ஏழு மாசமாச் சுத்தினு போறேன்."

சுற்றுலாத் துறையைப் பற்றி எழுதியதை அடிக்கலாம் என்று இரண்டு பக்கம் புரட்டினேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

அந்த ரேஷன் பையை முப்பதாம் நாளுக்கு மறுநாளே எடுத்துவந்து பரண் மேல் வைத்தது தான்தான் என்றார். எப்படி எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

மே 27

ஊர் மறுபடி கூடியது. ஜல்லியை எடுத்துவிட்டு ஓடைக் கல் போடச் சொல்லுவார்கள் என்று பயந்துகொண்டே போனேன். பெரியப்பா எழுந்தார்.

"ஒருத்தருக்கு ஒரு கல்லு. போட்டது போட்டதுதான். எடுக்கறதுக்கு நாம யாரு?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "குழாயடிக் கல்லுல அந்த மஞ்சள மட்டும் சொரண்டிடு. துணியெல்லாம் கறையாவுதுன்னு எங்க வூட்டுல திட்டுறா" என்றார்.

இரண்டு மணி நேரம் சுரண்டினேன். 33 மட்டும் லேசாகத் தெரிகிறது.

மேடம் ஊருக்குக் கிளம்புமுன் ஒரு படிவம் கொடுத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வரிசை. யார் போட்டது, யாருக்காக என்ற இரண்டு கட்டத்திலும் எல்லாவற்றுக்கும் கோடு போட்டிருந்தார். ஊர் வழக்கம் அப்படி. நூற்றிருபத்தாறாவது வரிசையை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

"உனக்கு வேணும்னா எழுது. வேண்டாம்னா நானே கோடு போட்டுருவேன்."

கல்வகை: ஜல்லி. போட்டது: கோகிலா. யாருக்காக என்ற கட்டத்தில் எழுத ரொம்ப நேரம் ஆனது. விடுதியில் படிவம் நிரப்பும்போதெல்லாம் அந்தப் பெயரை வேகமாக எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிவிடுவேன்.

அலமேலு. எங்கள் அம்மா.

மேடம் வாசித்துவிட்டு, "இந்த எழுத்து கோணல் இல்ல" என்றார்.

ஜூன் 1

காலையில் ஓடைக்கு இறங்கினோம். பத்து நிமிடம்தான் நடை.

தண்ணீர் இல்லை. உருண்டைக் கற்கள் மட்டும் கிடந்தன, முழுக்க, எத்தனை வேண்டுமானாலும் பொறுக்கலாம் என்பதுபோல். நான் ஒன்றையும் எடுக்கவில்லை. அப்பா நடு ஓடையில் கொஞ்சம் நின்றார். பிறகு அக்கரைக்குப் போய்விட்டார், டியூபின் ஒரு முனையோடு. குணசீலன் அண்ணன் மறு முனையை என் கையில் கொடுத்தார்.

"மீன் எதுவும் வுடல இல்ல?"

"இல்லண்ணா. ஆடுதான். உங்க பைக்ல இன்னும் கீது."

அவர் பைக்கைத் திரும்பிப் பார்த்தார்.

மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. டியூபில் தண்ணீர் மேலும் கீழும் போய்வந்தது.

அக்கரையிலிருந்து அப்பா கத்தினார். "ஆட்டாத புள்ள! அசையாம நில்லு!"

நின்றேன். கொஞ்சம் நேரம் ஆனது. பிறகு தண்ணீரும் நின்றது, அவர் பக்கமும் என் பக்கமும்.